இந்தக் காருக்குப் பிரதான சாரதி யார்?

போன மாதம் என் இன்சூரன்ஸ் கொம்பனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘இனிமேல் உங்கள் சாரதிப் பதிவை எங்களுக்கு அனுப்பத் தேவையில்லை’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள். இரண்டு தரம் வாசித்தேன். மனைவி சுமதியைக் கூப்பிட்டு அவருக்கும் வாசித்துக் காட்டினேன் - ஏதோ பட்டம் கிடைத்ததுபோல.

என்ன நடந்ததென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா?

மூன்று வருடங்களுக்கு முன்னர் அரசாங்கம் என் லைசென்ஸை மூன்று மாதம் பிடுங்கி வைத்திருந்தது. இரண்டு சிவப்பு விளக்கு, மூன்று அதிவேகம்... குற்றப் புள்ளிகள் நிரம்பிவிட்டன. அந்த மூன்று மாதமும் கூட வேலைசெய்யும் ஒருவர் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். தலைபோகிற அவசரம் எதுவும் இருக்கவில்லை. சிவப்பு விளக்கு மற்றவர்களுக்குப் போட்டது என்று ஓர் எண்ணம், அவ்வளவுதான்.

பழைய கொம்பனி உடனே என்னைக் கைகழுவியது. ‘ஹை ரிஸ்க்’ சாரதிகளுக்கென்றே இருக்கிற வேறொரு கொம்பனி ஏற்றுக்கொண்டது. ஊருக்கு ஒரு பிரீமியம், எனக்கு அதைப்போல மூன்று மடங்கு. போதாததற்கு, நான் ஒழுங்காகக் கார் ஓடுகிறேன் என்று காட்ட ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கப் பதிவை எடுத்து அனுப்ப வேண்டும். பிணையில் வந்தவன் பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து வைப்பதுபோல!

அந்த நிபந்தனைதான் இப்போது முடிந்திருந்தது. மறுநாளே டெலிபோன் டிரெக்டரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொன்றியலில் உள்ள இன்சூரன்ஸ்காரர் எல்லாரும் எனக்காக மாலையோடு காத்திருப்பார்கள் என்ற நினைப்பு.

ஐந்து இடங்களுக்கு அடித்தேன். ஐந்திலும் முதலில் வயலின் இசை. பிறகு தேன்குரலில் ஒரே கேள்வி: “கடந்த ஆறு வருடங்களில் உங்கள் லைசென்ஸ் எப்போதாவது இடைநிறுத்தப்பட்டதா, முசியே?”

ஆம், ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது, கடிதம்கூட இருக்கிறது என்றேன். தேன் உறைந்துவிட்டது. இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார்கள். மற்ற மூன்று பேரும் சொன்ன விலையைக் கேட்டதும் ஹை ரிஸ்க் கொம்பனி ஒரு தர்ம ஸ்தாபனமாகத் தெரிந்தது.

தண்டனை முடிந்தது என்று கடிதம் போடுகிறார்கள். மறந்துவிட்டோம் என்று யார் போடுகிறார்கள்?

கடைசியில் லாசால் பகுதியில் இருக்கும் இன்சூரன்ஸ் புரோக்கர் சாந்தினியிடம் போனோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் கடிதத்தை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, சுமதியிடம் திரும்பினார்.

“அக்கா, நீங்கள் லைசென்ஸ் எடுத்து எத்தினை வருசம்?”

“பதினொண்டு.”

“அக்சிடென்ட்?”

“இல்லை.”

“டிக்கெட்?”

“ஒரு பார்க்கிங் டிக்கெட். அதுவும் இவர் விட்ட இடத்திலை.”

சாந்தினி தட்டச்சு செய்தார். திரையில் வந்த தொகையைப் பார்த்து என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அரைவாசிக்கும் குறைவு!

“அக்கா பிரதான சாரதி. நீங்கள் இடைக்கிடை ஓடுற ஆள். அப்பிடிப் போட்டால் இந்த விலைக்கு எடுக்கலாம், அண்ணை.”

“போடுங்கோ, போடுங்கோ. பேப்பரிலைதானே,” என்றேன், ஒரு கண்ணைச் சிமிட்டி.

சாந்தினியின் விரல்கள் நின்றன.

“பேப்பரிலை மட்டும் எண்டால் அது பொய், அண்ணை. நாளைக்கு ஒண்டு நடந்து, நீங்கள்தான் ஒவ்வொரு நாளும் ஓடுறதெண்டு தெரிஞ்சால் ஒரு சதமும் தரமாட்டாங்கள். உண்மையா அக்காதான் ஓடவேணும்.”

நான் சிரித்தபடி சுமதியைப் பார்த்தேன். சுமதி சிரிக்கவில்லை.

“நான் ஓடுறன்,” என்றார். கார்த் திறப்புக்காகக் கையை நீட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் பக்கத்து இருக்கையில். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து என் வலது கால் நொந்துவிட்டது. ஒரு சந்தியில் மஞ்சள் விளக்கு விழுந்தது. சுமதி நிறுத்தினார்.

“போயிருக்கலாம்,” என்றேன்.

“போயிருக்கலாம். உங்களை மாதிரி.”

அதற்குப் பிறகு நான் சாலையோர மரங்களை ரசித்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை சுமதி தான் வேலை செய்யும் கார்டெரிக்கு, அதாவது குழந்தைகள் காப்பகத்துக்கு, காரில் போனார், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு. குழந்தைகள் காத்திருப்பார்களாம். நான் சென்ட் லோரன்ட்டில் உள்ள தொழிற்சாலைக்குப் போக எங்கள் தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றேன். மைனஸ் பதினெட்டு. பதினொரு வருடம் சுமதி நின்ற இடம் அது. அங்கே காற்று நான்கு பக்கத்தாலும் அடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். காரில் அதைக் கடக்கும்போது ஜன்னல் பூட்டியிருக்குமே!

பக்கத்தில் நின்ற வயதான ஹெயிட்டிப் பெண்மணி என்னை உற்றுப் பார்த்தார். “இங்கே நிற்கிற அந்தத் தமிழ் மதாம் எங்கே? சுகமில்லையா?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

என் மனைவிதான், இப்போது காரில் போகிறார் என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கையுறையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். “கடவுளுக்கு நன்றி! பாவம், புருஷனிடம் கார் வாங்க வசதியில்லையாக்கும் என்று நாங்கள் எல்லாரும் கவலைப்பட்டோம்.”

“போன வாரம்தான் வாங்கினோம், மதாம்” என்றேன்.