எர்த் குழிக்கு ஒரு குடம்

மைசூரில் நான் தனியே குடியிருந்த வீடு மிகப் பழையது. சுவரெங்கும் கறுத்த மரச்சட்டங்களின்மேல் மின்கம்பிகள் ஓடின. அவ்வீட்டின் முன்னறையில், வெளிநாடு சென்ற மகள் எனக்காக வாங்கி வைத்துவிட்டுப் போன கணிப்பொறி இருந்தது. ஞாயிறுதோறும் அதில் அவளுடைய மின்னஞ்சல் வரும். மனைவி மறைந்து, மகளும் சென்றபின் அந்த வீட்டில் என்னை ‘அப்பா’ என்று விளித்தது அத்திரை ஒன்றே.

மின்சாரமோ மாலையில் சோர்ந்து மங்கும். எதிர்பாராத கணத்தில் சீறி எழும். ஸ்டெபிலைசர் வாங்கினேன், மின்தடையின்போது கீச்சிடும் யூ.பி.எஸ்ஸும் வாங்கினேன். ஆயினும் திரை அடிக்கடி நடுங்கியது. கன்னடம் கலந்து பேசும் எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்தேன். கணிப்பொறியின் பெட்டியைத் தொட்டவர் கையை உதறினார்.

“எர்த்தே இல்லையே சார்! உங்களுக்கு அடிக்கலையா?”

“விறுவிறுக்கும். இயந்திரம் வேலை செய்கிறது என்பதற்கு அறிகுறி என்று எண்ணினேன்.”

“ஐயோ தேவ்ரே! நல்லா எண்ணினீங்க. அடுத்த இடிக்கு மெஷின் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க.”

கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காக இட்டு, நடுவே இரும்புக் குழாய் ஒன்றை நட்டார். “தினம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. மண்ணு காஞ்சா எர்த் பிடிக்காது. மரீபேடி சார், மறந்துடாதீங்க.”

மறக்க எனக்கு வேறு வேலை என்ன இருந்தது? காலைதோறும் குளித்து, ஈர வேட்டியுடன் சென்று நீர் வார்த்தேன். சில நாளில் குழாயின் நெற்றியில் குங்குமமும் தலையில் செம்பருத்தியும் ஏறியிருந்தன. வாசல் பெருக்க வரும், கௌதள்ளி என்ற ஊரைச் சேர்ந்த அம்மாளின் கைவேலை.

“இது சாமி இல்லையம்மா. கரண்டுக்காக நட்டது.”

“கரண்டுக்குங்களா? அப்பச் சாமிதானுங்க. கோவம் வந்தா ஆளயே அடிச்சுப்போடுமே!”

பூவை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கோடைமழை ஒரு சனிக்கிழமை மாலை இடியோடு இறங்கியது. விளக்குகள் ஒருமுறை வெண்ணிறமாக எரிந்து அணைந்தன. அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி கருகியது என்று அறிந்தேன். மறுநாள், மடல் வரும் ஞாயிறு, கணிப்பொறியை முடுக்கினேன். பழுதின்றி விழித்தது. மோடம் கரகரத்து இணைப்புப் பெற்றது. மடல் இல்லை. மாலையிலும் பார்த்தேன், இல்லை.

திங்கள் காலையில் குடத்துடன் கொல்லையில் நின்றபோது அந்த அம்மாள் கேட்டார்.

“மெசினு பொழச்சுதுங்களா சார்?”

“பிழைத்துவிட்டது.”

“அப்பறம் ஏனுங்க மொகம் இப்பிடி வாடிக் கெடக்குது? பாப்பா எழுதலீங்களா?”

நான் குடத்தைச் சாய்த்தேன். நீர் முழுவதும் மண்ணில் இறங்கியது. அவர் காலிக்குடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“கேட்டதச் சாமி குடுக்கலீன்னா இன்னொரு கொடம் ஊத்தோணுமுங்க.”

தண்ணீர்க் குழாயடியில் குடம் நிறையும் ஓசை கேட்டது. நான் தடுக்கவில்லை. ஈரமண் அந்த இரண்டாம் குடத்தையும் மெல்லக் குடித்துக்கொண்டது.