பெரியப்பா வீட்டுக்குப் போன அன்னப்பட்சி

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்தது. அப்பா பட்டுப்புடவைக்கு டிசைன் போடுபவர். கரையையும் முந்தியையும் அவர் திரையில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தால்தான் தறியில் பூ விழுவதற்கான துளை அட்டையைக் குத்த முடியும். யாரோ கொடுத்த திருட்டு சிடியோடு வந்த வைரஸ் அதன் வேகத்தையெல்லாம் தின்றுவிட, ஒரு கட்டத்துக்கு நிறம் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டே வரலாம் என்றாகிவிட்டது. கல்யாண சீசன் வேறு. அப்பா மானிட்டரின் மண்டையில் தட்டித் தட்டி வேலை பார்த்தார்.

பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்து சித்தி வந்தாள். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். டிசைன்களைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, பென் டிரைவைச் செருகி விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றினாள். டீ ஆறுவதற்குள் கம்ப்யூட்டர் புத்தம் புதிதாய் எழுந்து உட்கார்ந்தது! படம் வரைய ஒன்று, கடிதம் எழுத ஒன்று, பனியில் சறுக்கும் பென்குயின் விளையாட்டு ஒன்று. நான் குதித்த குதியில் மேஜை ஆடியது.

“எவ்ளோம்மா ஆவும்?” என்றார் அப்பா.

“ஒண்ணும் இல்ல மாமா, ஃப்ரீ. உள்ள எப்படி எழுதியிருக்குதுன்னு யார் வேணா பாக்கலாம். தப்பு இருந்தா திருத்தலாம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “காப்பி பண்ணி நாலு பேருக்கு குடுடி. குடுத்தாதான் அது வளரும்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் காப்பி என்பது கொலைக்கு அடுத்த குற்றம். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே மேஜையில் டிசைன் போட்டவர்கள். அப்பா வரைந்த மாங்காய்க் கரை எவனோ ஒருவன் புடவையில் முன்கூட்டியே வந்துவிட்டது. அண்ணன்தான் கொடுத்திருப்பார் என்று அப்பா நடுத்தெருவில் நின்று சொன்னார். அதோடு மேஜை இரண்டானது, பேச்சு நின்றது. மூன்று வருடமாகப் பெரியப்பா அடுத்த தெருவில்தான் இருந்தார். அவர் மகள், என் அக்கா, என்னோடு ஒரே பள்ளி. நாங்கள் இருவரும் தினமும் ஒரே டப்பாவில் சாப்பிட்டது இரண்டு வீட்டுக்கும் தெரியாது.

அக்கா வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அதே பேய். விடுவேனா? சித்தி கயிறு கட்டி எனக்கே விட்டுப்போன பென் டிரைவை அக்காவிடம் கொடுத்தேன். படங்கள் எவ்வளவு அழகாகத் திறக்கின்றன என்று காட்ட ஒரு படம் வேண்டுமே! இருந்ததிலேயே அழகானதைப் போட்டுக் கொடுத்தேன். அது அப்பா பத்து நாளாக வரைந்த அன்னப்பட்சிக் கரை. இன்னும் தறி ஏறவில்லை. வேறெந்தப் புடவையிலும் வராது என்று கடைக்காரரிடம் அப்பா சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

சாயங்காலம் அதை நான்தான் பெருமையாக அறிவித்தேன்.

“யார கேட்டு எடுத்துக்கினு போன?” என்ற அப்பா வண்டிச் சாவியை எடுத்தார். அடுத்த நிமிடம் நான் வண்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பெரியப்பா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். திரை நிறைய எங்கள் அன்னப்பட்சி. அப்பா வாசல்படியிலேயே நின்றுவிட்டார். பெரியப்பா திரும்பாமல், “வா” என்றார்.

“அன்னத்தோட முதுகுல ஜரிகை எங்கயும் புடிக்காம ரொம்ப நீளமா மிதந்துக்கினு போவுது பாரு. கல்யாணப் பொண்ணு கை நிறைய வளையல் போட்டுக்கினு இருக்கும். மாட்டி இழுத்துடும்பா. நடுவுல நாலு எடத்துல புடிச்சி கட்டியிருக்கேன். வேணாம்னா அழிச்சிக்கோ.”

திருத்தியதைப் பென் டிரைவில் ஏற்றி என் கையில் வைத்தார். தன்னிடம் இருந்த பிரதியை எங்கள் கண்ணெதிரே அழித்தார்.

“சித்தி சொன்ன மாதிரியே ஆயிடுச்சுப்பா!” என்று நான் கத்தினேன். “தப்ப கண்டுபுடிச்சி திருத்தி குடுத்துட்டாரு!” அப்பா அந்த அன்னத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பியும் அடி விழவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

புடவை அந்த நாலு கட்டோடுதான் நெய்யப்பட்டது. அடுத்த மாதம் புது டிசைன் முடிந்ததும் அப்பாவே அதைப் பென் டிரைவில் ஏற்றி என்னைக் கூப்பிட்டார்.

“பெரியப்பாகிட்ட குடு. பாத்து சொல்லச் சொல்லு.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பாவை லினக்ஸ் கட்சியில் சேர்த்துவிட்டேன் என்று சித்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். வகுப்பு முழுக்கச் சொன்னேன். கல்லூரி போகும்வரை அதை என் வெற்றியாகவே சொல்லித் திரிந்தேன். மாங்காய்க் கரையை அண்ணன் யாருக்கும் கொடுக்கவில்லை என்பதை அப்பா அந்த வாசல்படியில்தான் தெரிந்துகொண்டார் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. வாய் திறந்து கேட்க முடியாத மன்னிப்பை அவர் என்னிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். நானோ அதன் கயிற்றை விரலில் மாட்டி, தெரு நெடுகச் சுழற்றிக்கொண்டே ஓடினேன்.