மண்ணெண்ணெயை விட்டவர்

வாளி மேலே வந்ததும் இன்னாசிமுத்து கண்ணால் பார்ப்பதில்லை. மூக்கைத்தான் உள்ளே விடுவார். "இன்னும் மணம் கிடக்குது" என்று முழு வாளியையும் கிணற்றுக்குத் தள்ளி நிற்கும் வேலிப் பூவரசுக்கு ஊற்றுவார். விடிந்தால் நூறு வாளி இறைப்பார். கிணறு அவருடையது அல்ல.

பேசாலைக் கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். பன்னிரண்டு வருடம் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, அழுக்கெண்ணெயைப் பட்டறைக்குப் பின்னால் கொட்டினார். மணல்தானே, குடித்துவிடும் என்ற நினைப்பு. குடித்த மணல் அதைப் பக்கத்து வீட்டு றஞ்சிதத்தின் கிணற்றில் கக்கியது. அந்த ஒழுங்கை வீடுகளில் உப்பில்லாத கிணறு அது ஒன்றுதான். இரண்டு வருடமாக றஞ்சிதம் தேநீருக்குக்கூடக் கோயிலடியிலிருந்து குடம் சுமக்கிறார். இவரோடு பேச்சில்லை.

"அந்த மனிசி ஏசியிருந்தா நிம்மதியா இருந்திருப்பன்" என்கிறார்.

ஊத்தை மணலைத் தோண்டிப் பீப்பாய்களில் அடைத்துவிட்டார். யுத்தத் தடையில் மண்ணெண்ணெய் கிடைக்காததால்தான் திருந்தினார் என்று கரையில் கேலி. பாதி உண்மை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இப்போது கழுவுவது, கடைக்காரர் விற்கமுடியாத காறல் தேங்காயெண்ணெயில். "பிசுக்கை எண்ணெய்தான் கழட்டும்." பிறகு சூடான தவிட்டில் புரட்டித் துடைப்பார், தவிடு அடுப்புக்குப் போகும். மண்ணுக்கு ஒரு சொட்டும் இல்லை. தொடக்கத்தில் ஒருநாள் மீன் பொரித்த எண்ணெயில் கழுவப்போய், ஒரு பூனை சாமானைக் கௌவிக்கொண்டு வேலி பாய்ந்ததாம். பார்க்கப் போன எனக்கு நடித்துக் காட்டினார்; பூனையும் அவரே.

போன கிழமை அருளப்பன் என்ற மீனவர், எஞ்சின் சாமானும் எங்கோ கிடைத்த அரைப்போத்தல் மண்ணெண்ணெயுமாக வந்தார்.

"இதால கெதியாக் கழுவித் தாங்கோ அண்ணை."

"கொண்டுபோய் விளக்குக்கு ஊத்தும் தம்பி. நான் என்ர எண்ணெயில ஊறவைக்கிறன், பின்னேரம் வாரும்."

நான் போயிருந்த காலை, ஒரே வாளியை மூன்று முறை மோந்து பார்த்தார். தன் மூக்கிலேயே நம்பிக்கை வரவில்லை போலும். வாசலில் நின்ற றஞ்சிதத்திடம் கொண்டுபோனார்.

"நீங்கள் ஒருக்காப் பாருங்கோ."

றஞ்சிதம் ஒரு கை அள்ளி வாயில் வைத்திருந்தார். இன்னாசிமுத்து கறுத்த தன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். றஞ்சிதம் விழுங்கினார். குசினிக்குள், அடுப்படிக்குப் போனார். தேநீர்க் கேத்தலோடு திரும்பி வந்து, மூடியைத் திறந்து, அந்த வாளியிலிருந்து இன்னாசிமுத்து ஊற்றுவதற்காக நீட்டிப் பிடித்தார்.