ஐயாவின் மறுப்பும் நிதானத்தின் லைசென்ஸும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் நிதானம். இருபத்தாறு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறார், ஒரு நாய்க்குட்டியின் வாலைக்கூட மிதித்ததில்லை. மஞ்சள் விளக்கைப் பார்த்தால் மற்றவர்கள் விரட்டுவார்கள். நிதானம் பிரேக்கில் காலை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பார். பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தால், "அவசரம்னா மேல பறந்து போப்பா" என்பார். வீட்டில் பீரோவுக்குப் பூட்டு கிடையாது. லைசென்ஸ் இருக்கும் சட்டைப் பைக்கு மட்டும் மனைவியிடம் சொல்லி ஒரு பொத்தான் தைத்து வைத்திருந்தார்.

அவர் வண்டி ஓட்டியது ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு. அந்த ஐயாவுக்குக் குரல் வளமும் வயிற்று வளமும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. அந்த வருஷம் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காரில் பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடவேண்டும். போடாவிட்டால் சாலைக் கேமரா படம் பிடிக்கும், ஓட்டுநரின் லைசென்ஸில் ஒரு புள்ளி விழும். ஐந்து புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து.

ஐயா கொதித்துவிட்டார். மைக் கிடைத்த இடத்திலெல்லாம், "என் இடுப்புல கை வைக்க அரசாங்கம் யாரு? என் சீட்டு, என் உடம்பு! இது அத்துமீறல். அத்துமீறுற சட்டத்தை மறுக்கிறது மக்கள் பிரதிநிதியோட உரிமை இல்ல, கடமை!" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. வண்டிப் பக்கத்தில் நின்ற நிதானமும் தட்டினார். பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருகிற மனுஷனை எதற்குக் கட்டிப்போட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணமும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, அன்று அவர் உள்ளங்கை சிவக்கத்தான் தட்டினார்.

பத்தாம் நாள் அவர் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. கூடவே படம். பின் சீட்டில் பெல்ட் இல்லாத ஐயா, நெஞ்சை நிமிர்த்திக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் நிதானத்தின் முழுப் பெயர், லைசென்ஸ் எண், புள்ளி ஒன்று.

நிதானத்தின் மனைவி பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கச் சின்ன ஜன்னல் வழியாக மனிதர்களைப் பார்ப்பதால் யாரிடமும் அவளுக்கு மயக்கம் கிடையாது. நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள்.

"ஏங்க, சட்டத்தை மறுத்தது யாரு?"

"ஐயா."

"புள்ளி யாருக்கு?"

"எனக்கு."

"அப்ப அவர் மறுத்ததுதான் என்ன?"

நிதானம் மென்று விழுங்கினார். "கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல..."

"இருக்கட்டும். தப்பான சட்டத்தை மறுக்க வேண்டாம்னு நான் சொல்லல. மறுக்கிறவர் விலங்குக்குத் தன் கையை நீட்டணும். உங்க கையைப் பிடிச்சு நீட்டுறது என்ன வீரம்? அது சரி, அந்தச் சட்டம் ஓட்டுக்கு வந்தன்னிக்கு இவர் எதிர்த்து ஓட்டுப் போட்டாரா?"

நிதானம் செருப்பைத் தேடினார். அவருக்குத் தெரியும். அன்று ஓட்டெடுப்புக்கு மணி அடித்தது வெளியே வண்டியோடு நின்ற அவருக்கே கேட்டது. ஐயா கேண்டீனில் இரண்டாவது டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து, நாற்காலி போட்டு, மணியும் அடித்துக் கூப்பிட்டார்கள். அப்போது போகாத ஐயாவுக்கு ரோட்டில் வந்துதான் ரோஷம் வந்தது.

நோட்டீஸை ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஐயாவுக்கு வாயெல்லாம் பல். அதை வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். வருகிறவர்களிடம், "என் உடம்புல விழுந்த தழும்பு" என்று காட்டினார். தழும்பில் நிதானத்தின் பெயர் இருப்பதை யாரும் குனிந்து பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் சுவரில் நான்கு தழும்புகள் வரிசையாகத் தொங்கின.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு, அது நிதானத்துக்கு மட்டும்தான் தெரியும். ஊர் எல்லை தாண்டி, லாரிகள் பறக்கிற பெரிய சாலையில் ஏறியதும் பின்னாலிருந்து 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும். ஐயா பெல்ட் போட்டுக்கொள்வார். வயிறு இடம் கொடுக்காத நாளில், "நிதானம், ஓரமா நிறுத்தி இதைக் கொஞ்சம் மாட்டி விடு" என்பார். நிதானமும் இறங்கிப்போய் மூச்சை இழுக்கச் சொல்லி மாட்டிவிடுவார். ஊருக்குள் நுழையும் பெட்ரோல் பங்க் வந்ததும் மறுபடி ஒரு 'க்ளிக்'. அடுத்த இருநூறு மீட்டரில் கேமராக் கம்பம். ஐயா தலைமுடியைக் கோதிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். உயிர் பயத்துக்கு ஒரு க்ளிக், கொள்கைக்கு ஒரு க்ளிக்.

நிதானம் புள்ளிகளை எண்ணிப் பார்த்தார், நான்கு. அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எதைக் கற்றுக்கொள்ள? ஐயா முன்னால் போய் நின்றார்.

"ஐயா, இன்னும் ஒண்ணு விழுந்தா லைசென்ஸ் போயிடும்."

"அட, தியாகம்னா சும்மாவா? உன் பேரு சரித்திரத்துல நிக்கும்யா!"

"லைசென்ஸ்ல நின்னாப் போதும்யா."

ஐயா அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு அட்டகாசமாகச் சிரித்தார். அடுத்த வாரமே 'மறுப்பு நாள்' என்று ஒன்றை அறிவித்தார். கேமராக் கம்பத்தடியில் பத்திரிகைக்காரர்கள் நிற்பார்கள், ஐயா பெல்ட் போடாமல் கம்பத்தைக் கடந்து வருவார், இறங்கியதும் பேசுவார். ஏற்பாடெல்லாம் பிரமாதம். ஐந்தாவது புள்ளி யாருடையது என்ற பேச்சே எழவில்லை.

அன்று காலை பெட்ரோல் பங்க் வந்தது. பின்னால் 'க்ளிக்'. நிதானம் இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தார்.

"என்னய்யா, பஞ்சரா?"

"இல்லீங்க. பெல்ட்டைப் போடுங்க."

"விளையாடுறியா? அங்க பேப்பர்காரங்க நிக்கிறாங்க!"

"நீங்க மறுக்கறீங்க. எனக்குப் புரியுது. நானும் மறுக்கறேன்யா. என் லைசென்ஸ்ல கை வைக்கிறது அத்துமீறல்." இருபத்தாறு வருஷத்தில் அவர் முதலாளியிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. இறங்கிப் பின் கதவைத் திறந்து சாவியை நீட்டினார். "உங்ககிட்டயும் லைசென்ஸ் இருக்கே. நீங்க ஓட்டுங்க, நான் பின்னால உட்கார்றேன். இருநூறு மீட்டர்தான்."

ஐயா திட்டினார். மிரட்டினார். மூட்டு வலி என்றார். "அப்ப நடந்து போங்கய்யா, நடக்கிறவங்களுக்கு இந்தச் சட்டம் இல்ல" என்றார் நிதானம். வெயில் மண்டையைப் பிளந்தது. செயலாளர் போனில் கதறினார், "ஐயா, பேப்பர்காரங்க கிளம்புறாங்க!"

ஐயா சாவியைப் பிடுங்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். நிதானம் பின் சீட்டில் உட்கார்ந்து, முதல் வேலையாகத் தன் பெல்ட்டை மாட்டினார். வண்டி கிளம்பவில்லை. கண்ணாடியில் ஐயாவின் கண்கள் திருதிருவென்று விழித்தன.

"இப்ப... நான் பெல்ட் போடலன்னா, புள்ளி?"

"உங்க லைசென்ஸ்ல விழும்யா. தியாகம்."

ஐயா தோளுக்குப் பின்னால் கையை நீட்டிப் பெல்ட்டைத் தேடினார். பிறகு 'க்ளிக்'. அன்றைக்கு வயிறு ஒரு இடைஞ்சலும் செய்யவில்லை.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. மறுப்பு நாளின் நாயகர் பெல்ட் போட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வருகிறார். பின் சீட்டில் அவருடைய டிரைவர். ஐயா அப்போதும் அசரவில்லை. "என் ஓட்டுநரை நானே ஓட்டிக்கிட்டு வந்தேன். இதுதான் சமத்துவம்!" என்று பேசியிருந்தார். கூட்டம் அதற்கும் கைதட்டியிருந்தது.

நிதானத்துக்கு அன்று சாயங்காலமே வேலை போயிற்று. இரண்டு வாரம் அலைந்து, ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தொழிலாளர் வேன் ஓட்டக் கேட்டுப் போனார். மேலாளர் லைசென்ஸைப் பார்த்து, "நாலு புள்ளியா?" என்று முகத்தைச் சுளித்தார். நிதானம் பொத்தானை அவிழ்த்துப் பத்திரிகைப் படத்தை எடுத்து நீட்டினார். மேலாளர் நாற்காலி ஆடச் சிரித்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஐயா அதற்குப் பிறகு பெல்ட் பற்றி வாயே திறக்கவில்லை. வேறு சட்டம் கண்டுபிடித்துவிட்டார். கூட்ட அரங்குகளில் தீப்பிடித்தால் வெளியேறுவதற்கான கதவைப் பூட்டக்கூடாது என்ற விதிதான் இப்போது அத்துமீறல். அவருடைய சொந்த அரங்கில் அந்தக் கதவு பூட்டியே கிடக்கும் என்று சவால் விட்டார். அந்த விதிப்படி சாவி வைத்திருப்பவர்தான் சிறைக்குப் போகவேண்டும். சாவி வாட்ச்மேனிடம் இருந்தது.

அந்த வாட்ச்மேன் ஒருநாள் மதியம் தொழிற்சாலை வாசலுக்கு வந்து, வேனைத் துடைத்துக்கொண்டிருந்த நிதானத்தின் பக்கத்தில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே, என்னை உள்ள தள்ளிடுவாங்களா? நான் என்ன பண்ண?"

"சாவியை அவர் கையிலயே குடுத்துடு."

"குடுத்தா?"

"உடனே கதவத் திறந்துடுவார்."