ஒரு இடம் விடாமல் அடித்த பெயிண்ட்

இரணியல் தாணுவிடம் டிஷ் கோளாறு என்று போனில் சொன்னால் போதும், வண்டியை எடுக்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவான். "மழையா? விட்டதும் தானா வரும்." "தென்னை ஓலை மறைக்கும், வெட்டிப் போடுங்க." "பெட்டியை ஒருக்கா அணைச்சுப் போடுங்க." பாதி வீடுகளில் அவன் சொன்னதுதான் சரியாகவும் இருக்கும். அதுதான் அவனைக் கெடுத்தது. நாற்பத்தாறு வயது, இருபது வருஷமாக ஊரார் மொட்டைமாடியில் ஏறி இறங்குகிறவன். தொழிலில் கெட்டிக்காரன், நீங்கள் கேட்காவிட்டாலும் அதை அவனே சொல்லுவான். மற்றபடி நல்ல மனுஷன்.

கடற்கரை வீடுகளுக்கென்று ஒரு வசனம் வைத்திருந்தான். உப்புக்காற்றில் டிஷ்ஷும் கம்பியும் நட்டும் பொரிந்து கொட்டும் என்பதால், வேலை முடிந்து ஏணியில் இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவான். "துரு பிடிக்காம ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சிருங்க. ஒரு இடம் விடப்படாது, கேட்டியளா?" எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒருத்தரும் அடிக்கமாட்டார்கள்.

வியாகுலம்மாள் அடித்தாள்.

முட்டத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த வீடு அவளுடையது. புருஷன் ததேயுஸ் நாற்பது வருஷம் வள்ளத்தில் போனவர். கரையில் இருக்கிற நேரமெல்லாம் பந்து; அந்தக் கரையில் பந்து என்றால் கால்பந்துதான். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, பேச்சும் போயிற்று. நாலு மாதம் மனுஷன் வாயே திறக்கவில்லை. பசித்தாலும் வலித்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒரு சாயங்காலம் டிவியில் லீக் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. கோலுக்கு முன்னால் பந்தை வைத்துக்கொண்டு ஒருத்தன் தயங்கினான். "அடிலே சவமே!" என்று ஒரு குரல். அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த வியாகுலம்மாள் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மாதாவே, பேசினது அவரேதான்!

அதற்குப் பிறகு பந்தயம் நடக்கும் நாளெல்லாம் இரண்டு சொல், மூன்று சொல். எல்லாம் திட்டுதான். அதுவும் பெட்டிக்குள் ஓடுகிறவனுக்கு; கஞ்சி ஊட்டுகிறவளுக்கு ஒரு சொல் கிடையாது. ஆனாலும் அவளுக்கு அது பெரிய சந்தோஷம். "விடாம பாக்கட்டும். வந்த பேச்சை விட்டிராதீங்க" என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அப்படியிருக்கும்போதுதான் டிவியில் படம் நின்றது. மகள் ஜிஷா செல்போனில் பந்தயத்தைக் காட்டிப் பார்த்தாள். எறும்பு எறும்பாக ஓடிய ஆட்களை உற்றுப் பார்த்துவிட்டு அவர் போனைத் தள்ளிவிட்டார்.

போன் போட்டதும் தாணு வந்தான். மேலே ஏறியதும் டிஷ் முழுக்கப் பளபளவென்று சில்வர் பெயிண்ட். தன் பேச்சைக் கேட்கவும் ஒரு வீடு இருக்கிறதே என்று அவனுக்கு ஒரே பெருமை. "கொள்ளாம் அக்கா, நல்லா அடிச்சிருக்கியளே!" என்று மேலேயிருந்தே கத்தினான். பச்சை பூத்த கனெக்டரை வெட்டி மாற்றினான். மீட்டரைப் போட்டு டிஷ்ஷை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினான். சிக்னல் பூஜ்யம்.

மூன்றாம் நாள் மறுபடி வந்தான். "இந்தக் கரைக்கு இது காணாது அக்கா, பெரிசு வேணும்" என்று தொண்ணூறு சென்டிமீட்டர் டிஷ்ஷைத் தக்கலையிலிருந்து பைக்கில் கட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். டிஷ்ஷுக்கு முன்னால், கம்பி நுனியில் அதைப் பார்த்தபடி நிற்குமே எல்.என்.பி. என்கிற சின்ன டப்பா, அதை மட்டும் மாற்றவில்லை. பழையதையே கழற்றிப் புதிய டிஷ்ஷில் மாட்டினான். இரண்டு மாதத்துக்கு முன் தன் கையால் புதிதாகப் போட்டது. அதைச் சந்தேகப்பட அவனுக்கு மனசு வரவில்லை. பெரிய டிஷ்ஷிலும் பூஜ்யம்தான். கெட்டிக்காரன்!

வியாகுலம்மாள் திட்டவில்லை. "பத்து நாளாச்சு தம்பி. அவரு ஒண்ணும் பேசல்ல. திரும்பவும் சுவத்தைத்தான் பாக்காரு. சனிக்கிழமை சாயங்காலம் பைனல் இருக்காம், அதையாவது பாத்தா..." என்று நிறுத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தாணு பதிலுக்கு நாலு காரணம் சொல்லியிருப்பான். இதற்குத் தலையைக் குனிந்துகொண்டு பைக்கை எடுத்தான்.

மறுநாள் மதியம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மனைவி பகவதி என்ன ஏது என்று கேட்டு முழுக்கதையையும் வாங்கிவிட்டாள்.

"எல்லாம் மாத்தினியளே, அந்த டப்பாவை மாத்தினியளா?"

"அது நான் மாட்டினதுட்டி. ரெண்டு மாசம்கூட ஆகல்ல."

"ஓ! நீங்க மாட்டினதுக்கு மட்டும் சாவே கிடையாதாக்கும்!"

சனிக்கிழமை மூன்று மணிக்கே தாணு புது எல்.என்.பி.யோடு மாடியில் நின்றான். பழையதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் திருப்பினான். சிக்னல் உள்ளே நுழைகிற முன்மூடியும் சில்வராக இருந்தது. வெறும் பிளாஸ்டிக் மூடி, சாம்பல் நிறத்தில் அல்லவா இருக்கவேண்டும்? நகத்தால் சுரண்டினான். பெயிண்ட் செதில் செதிலாக வந்தது. சில்வர் பெயிண்டில் இருப்பது உலோகத்தூள். அதைத் தாண்டி ஒரு துளி சிக்னல் உள்ளே போகாது.

"அக்கா, இந்த மூஞ்சியில பெயிண்ட் அடிச்சது ஆரு?"

கீழேயிருந்து வியாகுலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நான்தான் மக்கா. வள்ளத்து இஞ்சின் பெட்டிக்கு வாங்கினதுல மிச்சம் கெடந்துது. ஒரு இடம் விடப்படாதுண்ணு நீ சொன்னில்லா? ஏணி போட்டு நானே ஏறி அடிச்சேன். ரெண்டு கோட்டு." சொல்லும்போதே அவள் முகம் மாறியது. "ஏன் மக்கா? அது அடிச்ச அண்ணைக்குத்தான் படம் போச்சு. நான்தான் கெடுத்துட்டேனா?"

டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, 'உப்புக்காத்துல போயிட்டு அக்கா' என்று சொல்லியிருந்தால் அங்கே கேட்பார் யாருமில்லை. தாணு ஒரு நிமிஷம் அதை நினைக்கவும் செய்தான். பிறகு இறங்கி வந்தான்.

"நீங்க ஒண்ணும் கெடுக்கல்ல. கெடுத்தது என் வாய். எந்த இடத்தை விடணும்ணு நானில்லா சொல்லியிருக்கணும்? போதாததுக்கு இதே டப்பாவை எடுத்துப் பெரிய டிஷ்லயும் மாட்டிவிட்டேன். மன்னிச்சிரணும் அக்கா."

வியாகுலம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "போட்டும் மக்கா. வேற ரெண்டு பேரைக் கூப்பிட்டேன், ஒருத்தனும் போனைக்கூட எடுக்கல்ல. நீ மூணு தடவை வந்தியே. கர்த்தர் உன்னை நல்லா வைக்கட்டும்." தாணு தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஏணியில் ஏறினான்.

இப்போது கடற்கரையில் அவன் சொல்லும் வசனமே வேறு. "பெயிண்ட் அடிங்க. ஆனா இந்த மூஞ்சியில மட்டும் ஒரு பொட்டுகூடப் படப்படாது." ஏன் என்று கேட்டால், யார் தப்பு என்பதையும் சேர்த்து முழுக்கதையும் சொல்லுவான்.

அந்தச் சனிக்கிழமை பழைய டிஷ்ஷையே திரும்பக் கம்பத்தில் ஏற்றிப் புது எல்.என்.பி.யை மாட்டினான். அதுவே அந்த வீட்டுக்குத் தாராளம். ஆனாலும் திசை பிடித்து, வயர் மாற்றி, பெட்டியைச் சரிபண்ணுவதற்குள் பைனல் தொடங்கிவிட்டது. படம் வந்ததும் தாணுவுக்குத் தலைகால் புரியவில்லை. ரிமோட்டும் கையுமாக டிவி முன்னாலேயே நின்றுகொண்டு, "பாத்தியளா அக்கா, எண்பத்தஞ்சு! எண்பத்தஞ்சு சதமானம் சிக்னல்!" என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

"ஏலே."

முதலில் அது பந்துக்காரனுக்கு என்றுதான் நினைத்தான். திரும்பினான். ததேயுஸ் டிவியைப் பார்க்கவில்லை. நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை அவனை நோக்கி நீண்டிருந்தது.

"மாறி... நில்லுலே. பந்து தெரியல்ல."

வியாகுலம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "மக்கா, சீக்கு வந்த பெறகு இந்த வீட்டுல ஒரு ஆளுகிட்டகூட அவரு பேசல்ல. உன்னைத் திட்டிட்டாரே! உன்னைத் திட்டிட்டாரே மக்கா!"

இருபது வருஷத்தில் தாணு வாங்காத திட்டில்லை. ஒரு திட்டுக்குக் கைகூப்பியது அன்றைக்குத்தான். கூப்பிய கையோடு டிவியை விட்டு நகர்ந்து, கிழவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஆட்டம் முடிகிற வரைக்கும் வாயே திறக்காமல் பார்த்தான்.