தங்கை வீட்டு வெள்ளைத் தட்டு

அம்போன் தீவில் புகைமீன் விற்கும் வெல்மினாவுக்கு ஊரில் யார் மேலும் பொறாமை கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்துத் தன் தங்கை டோர்ச்சி மேலேயே வைத்திருந்தாள்.

நகைக்காகவோ வீட்டுக்காகவோ அல்ல, கடவுளுக்காக. அந்த ஊர் வீடுகளின் ஜெப அறைகளில் மேசைமேல் ஒரு வெள்ளைத் தட்டு இருக்கும். கல்யாணமோ பயணமோ, தட்டில் காசு வைத்து முழங்காலிட்டு வழி கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காசு ஆலயத்துக்குப் போகும். டோர்ச்சி காசு வைத்தால் மறுநாளே முடிவோடு எழுந்துவிடுவாள். அப்படித்தான் ஒரே மகன் மெல்கியைக் கடல் தாண்டி சோரோங்குக்கு வேலைக்கு அனுப்பினாள். ஆண்டவர் அவளிடம் பேசுகிறார் என்று சபை முழுக்கப் பேச்சு. வெல்மினாவும் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். மூட்டுவலிதான் வந்தது.

"அம்மாவோட தட்டு அவகிட்டல்ல இருக்கு! எங்கிட்ட இருக்கறது கடையில வாங்குனது. ஆண்டவருக்கு எது பழக்கமோ அங்கதானே வருவாரு" என்று மகள் பிரான்சினாவிடம் புலம்புவாள்.

இப்போது அந்த மகளுக்கே பப்புவாவில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை கப்பல். புருஷன் இறந்த பிறகு வெல்மினாவுக்கு இருந்தது அவள் ஒருத்திதான். அனுப்பவும் மனமில்லை, தடுக்கவும் வாயில்லை.

வியாழக்கிழமை காலை மீன் கூடையில் தன் தட்டை ஒளித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். டோர்ச்சி அடுக்களையில் சாகோ மாவுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்த நேரத்தில் தட்டை மாற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்து அம்மாவின் தட்டில் காசு வைத்து முழங்காலிட்டாள். தெருநாய் குரைத்தது, பக்கத்து வீட்டுக்காரன் இருமினான். ஆண்டவர் வாயே திறக்கவில்லை.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தங்கை வீட்டுக்கு நடந்தாள்.

"இந்தா, உன் தட்டு! இதுலயும் எனக்கு ஒண்ணும் கேக்கல. உனக்கு மட்டும் என்னடி சொல்றாரு அவரு?"

டோர்ச்சி சிரிக்கவில்லை. "தட்டு மாறுனது அப்பவே தெரியும்க்கா. நம்ம அம்மா தட்டு எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

"பேச்ச மாத்தாத. மெல்கிய அனுப்பச் சொல்லி உனக்கு எப்படிச் சொன்னாரு?"

"யாரு சொன்னா? எனக்கு இதுவரைக்கும் ஒரு சத்தமும் கேட்டதில்ல."

"அப்புறம் எந்தத் தைரியத்துல அனுப்புன?"

"தைரியமா? அழுதுக்கிட்டேதான் அவன் துணிய மடிச்சேன். அவர்கிட்ட விட்டாச்சு, இனிமே அவரு பாத்துக்குவாருன்னு எழுந்து வந்துட்டேன். அவரு பேசுறாருன்னு சொன்னது ஊர்க்காரங்க. நான் சொல்லலயே."

வெல்மினாவுக்கு நெஞ்சு எரிந்தது. குரல் கேட்டு அனுப்பியவள் என்றால் பொறாமையாவது படலாம். குரல் கேட்டால் யார்தான் அனுப்ப மாட்டார்கள்? ஒன்றுமே கேட்காமல் பெற்ற பிள்ளையை அனுப்பியிருக்கிறாள் இவள். இதற்கு எந்தத் தட்டை மாற்றுவது? இவ்வளவு பொறாமை அவளுக்கு எந்த நாளும் வந்ததில்லை.

வீடு திரும்பும்போது வாசலிலேயே பிரான்சினா நின்றாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"அம்மா, ஆண்டவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள் வெல்மினா. "பெட்டிய எடு. துணிய மடிக்கணும்."