தலைக்கு இவ்வளவு புளி

மொத்தமாக எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். புளி வாங்கலாம். வருஷம் முழுக்க ஜாடியில் கிடந்தாலும் கறுக்குமே தவிரக் கெடாது. மிளகாய் வாங்கலாம், ஆனால் கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை சத்தம் போட வேண்டும். சத்தம் போடாத மிளகாயில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், ஆடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். துவரம்பருப்பு வாங்கலாம், காய வைக்க மொட்டை மாடியும் காக்கை விரட்ட ஆளும் இருந்தால். வெல்லம் வேண்டாம், மழைக்காலம் வந்தால் கசிந்து டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும். காப்பித்தூளை மொத்தமாக வாங்குகிறவனுக்கு மூக்கு இல்லை.

இதெல்லாம் என் சொந்தச் சரக்கு இல்லை. என் வீட்டுக்காரர் வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லிக் காதில் தங்கிவிட்டது. அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களுக்கு ஒரு பையன், ஒரு பெண். கம்பெனியில் அவர் குரலே எழும்பாது என்பார்கள். வேலூர் மண்டிக்குப் போனால் மட்டும் பெரிய ஏலக்காரர் மாதிரி நடப்பார். மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். முதல் கடைக்காரர் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வருவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனிதர் வருஷம் முழுக்கச் சம்பாதிக்கிறாரோ என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

நாங்கள் குடியிருந்தது ஒரே காம்பவுண்டில் நாலு வீடு. எழுபதுகளின் கடைசி அது. பங்குனியில் மண்டிக்குப் புதுச் சரக்கு வரும். மண்டியில் கிலோக் கணக்கில் கேட்டால் மதிக்கவே மாட்டார்கள். எடுத்தால் மூட்டையாக எடு, இல்லாவிட்டால் வழியை விடு. ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டைப் புளி எதற்கு? அதனால் நாலு வீடும் சேர்ந்து ஒன்றாக வாங்கிப் பிரித்துக்கொள்வோம். பிரிப்பது வீட்டுக்கு இவ்வளவு என்று இல்லை, தலைக்கு இவ்வளவு.

தலை எண்ணுகிற வேலை பக்கத்து வீட்டு ஆபாவுடையது. அவள் வீட்டுக்காரர் தோல் வியாபாரி. ஆபா என்றால் அவர்கள் உருது பாஷையில் அக்கா. காம்பவுண்டில் எல்லா மதக்காரர்களுக்கும் அவள் ஆபாதான். மண்டிக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "உங்க வீட்ல எத்தினி தலை?" என்று கேட்பாள். பால் குடிக்கிற குழந்தை கணக்கில் வராது. வந்து தங்கிவிட்ட மாமியார் வருவாள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் ஒன்றரைத் தலை, ஏனென்றால் அவள் புளியைச் சும்மாவே தின்பாள். கடைசி வீட்டில் ரயில்வேக்காரர் ஒருவர் இருந்தார். புதிதாக வந்த அவர் மருமகள் முழுகாமல் இருப்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததே அவர் வீட்டு அம்மாள், "இந்த வாட்டி ஒன்றரை ஜாஸ்தி போடு ஆபா" என்று சொன்ன போதுதான். அந்த ஒன்றரை யார் என்று புரிந்துகொள்ள எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் மிஞ்சிய சாமர்த்தியத்தைக் காட்டினார். வேலூரிலிருந்து காலியாகத் திரும்பும் லாரி ஒன்றில் மூட்டைகளைச் சும்மாவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு முன் அந்த லாரி உப்புத் தோல் ஏற்றிய லாரி. சாமான்களைப் பிரித்தோம், இடித்தோம், அரைத்தோம், சாப்பிட்டோம். நாலு வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பெரிய லீவுக்கு நெமிலியிலிருந்து என் அக்கா வந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்தவள் அப்படியே என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, குழம்புல செருப்பு போட்டியா?"

மிளகாய்த்தூளை மோந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் மோந்தார். ஆபாவும் வந்து மோந்தாள். மிளகாய் வாசனைதான் வந்தது. வருஷக்கணக்காகத் தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றத்திலேயே இருக்கிற மூக்குகள் எங்களுடையவை, அவற்றுக்கு வேறு என்ன தெரியும். அக்கா இருந்த வரை தயிர்ச் சோறும் ஊறுகாயும்தான். அவள் ஊருக்குப் போன பிறகு அதே மிளகாய்த்தூளை ஒரு வருஷம் சாப்பிட்டுத் தீர்த்தோம்.

அதற்கு அடுத்த தை மாதம் அவருக்குக் கால் வீங்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயம் பலவீனமாகிவிட்டது, உப்பு ஒரு கல்கூடச் சேரக் கூடாது என்றார்கள். தோலுக்குப் போட லாரி லாரியாக உப்பு இறங்குகிற ஊரில் உப்பில்லாமல் சாப்பிடும் ஒரே ஆள் அவர்தான். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மழைக்காலம் வரைக்கும் பார்க்கலாம் என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்து அவருக்குச் சாத்துக்குடி வாங்கினேன், பஸ் பிடித்தேன், மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு நடத்தினேன். அழுகை வரவில்லை. பயமும் இல்லை. உட்கார்ந்தே இருந்து மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல இருந்தது, தரை இருப்பது தெரியும், படுவது தெரியாது. டீச்சருக்கு ரொம்பத் தைரியம் என்று காம்பவுண்டில் பேசிக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பங்குனி வந்தது. எங்களுக்கு லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம். ஆபா வாசலில் வந்து நின்றாள். வெயிலைப் பற்றிப் பேசினாள், சார் தூங்கினாரா என்று கேட்டாள். வழக்கமாகக் கேட்கிற கேள்வியை மட்டும் கேட்கவில்லை. ஜன்னலோரம் கட்டிலில் இருந்த அவருக்கு அது புரிந்துவிட்டது.

"இன்னா ஆபா, தலை எண்ண வந்தீங்களா? நம்ம வீட்ல மூணு போட்டுக்கோங்க."

"இன்னா சார் பேசறீங்க நீங்க?"

"உப்பே இல்லாம சாப்பிடறவனுக்குப் புளி இன்னாத்துக்கு? நான் கணக்குல வர மாட்டேன். மூணு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆபா என்னைப் பார்த்தாள். நான் முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பைச் சாக்காக வைத்து அவர் வேறொன்றைச் சொல்கிறார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அந்த வருஷம் அவருக்குப் பதிலாக நான்தான் ஆபாவோடு மண்டிக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற அதே பஸ். வேலூரில் இறங்கியதும் என் கால் தானாக ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. ஆபா முழங்கையைப் பிடித்து இழுத்து, "இந்தப் பக்கம் டீச்சர்" என்றாள். மண்டியில் எல்லாரும் சார் வரவில்லையா என்று கேட்டார்கள். வேலை இருக்கிறது என்றேன். மிளகாயைக் குலுக்கினேன், புளியைப் பிசைந்து பார்த்தேன், ஒன்றும் பேசாமல் அடுத்த கடைக்குப் போனேன். கடைக்காரர் பின்னாலேயே கூப்பிட்டார். இதில் என் வீட்டுக்காரருக்கு என்ன சந்தோஷம் இருந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆபா வீட்டுத் தாழ்வாரத்தில் தராசு போட்டு நிறுத்துப் பிரித்தோம். எங்களுக்கு மூன்று தலைப் புளி வந்தது. கொட்டை நீக்கி, உப்புத் தூவி, ஜாடியில் அடைத்து வைத்தேன்.

மழைக்காலம் வந்தது. பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர்கூட வந்தது. அவர் இருந்தார். கிறிஸ்துமஸ் வந்தது, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வீக்கம் வடிந்திருந்தது. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எங்களுக்கு உப்புப் போட்டு வைத்த குழம்பைக் கரண்டியால் எடுத்து ஊற்றிக்கொள்வார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி அடுப்பு வேலையில் இருப்பேன். தை பாதியில் ஜாடியின் அடி தெரிந்தது. மூன்று தலைப் புளியை நாலு பேர் தின்றால் வேறு என்ன ஆகும்.

"பாத்தியா, கணக்குல இல்லாத தலைதான் ஜாஸ்தி தின்னுது" என்றார்.

தெருமுனைப் பெட்டிக்கடையில் புளி கேட்டேன். கடைக்காரன் நம்பவில்லை. "டீச்சர் வீட்லயா புளி இல்ல?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். அந்தச் சின்னப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தபோது எனக்குள் ஏதோ அசைந்தது. அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வருஷத்தில் எனக்கு உறைத்தது அது ஒன்றுதான். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு தரம் பொட்டலப் புளி வாங்கினேன்.

அப்போதுதான் அந்த எண்ணம் எனக்குள் புகுந்துகொண்டது. பிள்ளைகளை எண்ணக் கூடாது, எண்ணினால் குறையும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பைபிள் வகுப்பு எடுக்கிற நான் இதை நம்பக் கூடாது. ஆனால் மழைக்காலம் வரை என்று டாக்டர் சொன்ன ஆள் தையில் உட்கார்ந்து குழம்பு திருடிச் சாப்பிடுகிறார். கணக்கில் சேர்க்காமல் விட்டதால்தான் ஆள் தங்கினார் என்று என் மனது முடிவு கட்டிவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் பலிக்காது என்று அதற்கும் ஒரு சட்டம் நானே போட்டுக்கொண்டேன்.

அடுத்த பங்குனிக்குள் வீக்கம் திரும்பிவிட்டது. இந்தத் தடவை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. ஆபா வாசலுக்கு வந்தாள். அவர் பேசவில்லை. தலையணையில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் அவர் சொல்லிவிட்டார், இந்த வருஷம் நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. நாலு என்று சொல்லிவிடு என்று நாக்கு துடித்தது. சொன்னால் போய்விடுவார் என்று பிடித்து நிறுத்தினேன்.

"மூணு ஆபா" என்றேன். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற குரலில் வந்தது.

ஆபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். அவர், "சரியாத்தான் சொன்ன" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபமா வருத்தமா என்று முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் போய் உலையை வைத்தேன்.

மண்டிக்கு அந்த வருஷம் நான் போகவில்லை, ஆபா மட்டும் ரயில்வேக்காரர் வீட்டு அம்மாளோடு போய் வந்தாள். மூட்டையைப் பிரிப்பதற்குள் அவர் இறந்துவிட்டார். நடக்க வேண்டியவை நடந்தன. வந்தவர்களுக்கெல்லாம் நான் காப்பி கொடுத்தேன். அழு, அழுதுவிடு என்று நெமிலி அக்கா முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்காகவாவது அழலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

எல்லாரும் ஊருக்குப் போன பிறகு ஆபா ஒரு கூடையில் புளியை எடுத்துக்கொண்டு வந்தாள். இடுப்பிலிருந்து இறக்கி வைக்கும்போதே தெரிந்தது, கனம் அதிகம்.

"ஜாஸ்தியா இருக்கே ஆபா."

"நாலு தலைக்கு இருக்கு டீச்சர். நீங்க மூணு சொன்னீங்க. எனக்கு மனசு வர்ல. நாலுதான் போட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கே ஜன்னலாண்ட வந்து சார்கிட்டயும் சொல்லிட்டேன். டீச்சர் சொல்றத நீங்க மனசுல வச்சிக்காதீங்க, என் கணக்குல நீங்க இருக்கீங்கன்னு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'விடுங்க ஆபா, டீச்சர் கணக்குல தப்பு பண்ண மாட்டா'ன்னாரு."

அவர் இருக்க வேண்டும் என்றுதான் மூணு சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆபா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அதைச் சொல்ல வேண்டிய ஆள் அவள் இல்லை. கூடையை உள்ளே எடுத்துப் போய்ப் புளியைத் தரையில் கொட்டிவிட்டு, வெறும் கூடையைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன்.